ஒரு வாய்த் தண்ணீர்

கதவைத் திறந்ததும் திறக்காததுமாகத் தண்ணீர் கேட்டுவிடுவார் குழந்தைகள் நல அலுவலகத்து மேடம். அதுவும் பெரியவர்களிடம் கேட்கமாட்டார். "கண்ணு, அக்காவுக்குக் கொஞ்சம் தண்ணி குடேன்" என்று வீட்டில் இருப்பதிலேயே சின்னதைப் பார்த்துத்தான் கேட்பார். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, ஆனாலும் அக்காதான். ஆன்ட்டி என்று கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும்.

தண்ணீர் வந்தால் ஒரே ஒரு வாய். மீதி அப்படியே இருக்கும். "ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்கறேன். எல்லாத்தையும் குடிச்சா நான் எங்க போய் ஒதுங்கறது?" என்பார் ஜீப் ஓட்டுநரிடம்.

தாகத்துக்கா கேட்கிறார்? டம்ளர் இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரிகிறதா, எடுக்கப் போகுமுன் பெரியவர்கள் முகத்தைப் பார்த்து மிரள்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும். சொல்லிக்கொடுத்த பதில்களை அவர் சல்லிக்காசுக்கு மதிப்பதில்லை. பாவம், இந்தத் தந்திரம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

அன்று போன வீடு ஒரு மில் தொழிலாளியுடையது. மனைவி இறந்தபின், சின்ன மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ராத்திரி ஷிப்டுக்குப் போனவர். அழுகை கேட்டு அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, பிள்ளை காப்பகத்துக்குப் போனாள். இப்போது பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டார். மகளை மேடமே அழைத்து வந்திருந்தார். விட்டுவிட்டுப் போவதா, திரும்பக் கூட்டிப்போவதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர் விஷயம் கேள்விப்பட்டு மனிதர் அமர்க்களப்படுத்தியிருந்தார். புது டம்ளர்கள், ஒட்டின ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்காமல், பளபளவென்று வரிசை கட்டி நின்றன. பதற்றத்தில் அவற்றை அடுக்கியது மட்டும் அலமாரியின் உச்சித் தட்டில்.

"கண்ணு, அக்காவுக்குக் கொஞ்சம் தண்ணி குடேன்."

சிறுமி அடுப்படிக்குப் போனாள். எக்கினாள். எட்டவில்லை. அப்பாவின் முகம் செத்துவிட்டது.

"மேடம், நான் வேணா எடுத்து..."

"நீங்க சும்மா இருங்க."

அதட்டிவிட்டாரே தவிர, மேடமும் அடுப்படியை எட்டிப் பார்த்தார். பூட்டி வைக்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில் ஒடுங்கி நின்றதைப் பார்த்தவர் அவர்.

சிறுமி திரும்பினாள். "அப்பா, தூக்கு" என்று இரண்டு கைகளையும் உயர்த்தினாள், ஏதோ எஜமானி மாதிரி. அவர் ஒரே எட்டில் வந்து தூக்கினார். டம்ளரை அவள்தான் எடுத்தாள். தண்ணீரையும் அவளே பிடித்தாள், பாதி அப்பா சட்டையில்.

மேடம் வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய். அடிவரை குடித்துவிட்டு, வெறும் டம்ளரை அவளிடமே நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் குடு, கண்ணு."