நைட் ஷிப்ட் புலி

இசக்கிசெல்வி எந்த வேலையையும் அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்திருப்பவள் அல்ல. சங்கரன்கோவில் பக்கம் பிறந்த வீட்டில் இருந்தவரை, அவள் சுற்றிய பீடியில் ஒன்றுகூடக் கழிவென்று திரும்பி வந்ததில்லை. கல்யாணமாகி வடக்குப்பட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு வாய்த்த வேலை வேறு. பொழுது விடிந்து புருஷன் வேல்ராஜ் வேலையிலிருந்து வந்ததும், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். சாயங்காலம்வரை வீட்டுப் பக்கம் வரக்கூடாது. அந்த வேலையையும் அவள் குறையில்லாமல்தான் செய்தாள்.

வேல்ராஜ் ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் லைனில் இருந்தான். ஷிப்ட் வாராவாரம் மாறும் என்றுதான் சேரும்போது சொன்னார்கள். ஆள் போதவில்லை என்று சூப்பர்வைசர் அவனை இரவிலேயே நிறுத்திக்கொண்டார். குடியிருந்தது ஒரே ஒரு அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல், அடுப்பும் அங்கேதான். அந்த அறைக்குள் ஐந்து வயது மணிகண்டபிரபுவும் மூன்று முடியாத சுகப்பிரியாவும் விழித்திருக்கும்போது யாரும் தூங்க முடியாது. தூங்காமல் பிரஸ் முன்னால் போய் நிற்கவும் முடியாது. பக்கத்து லைனில் ஒருவன் கண்ணசந்து, மேலிருந்து அச்சு இறங்கியபோது கையை எடுக்க மறந்துவிட்டான். நான்கு விரல் போயிற்று. அதை வேல்ராஜ் வீட்டில் ஒரே ஒரு முறைதான் சொன்னான். மறுநாள் காலையே செல்வி தயிர்சாதம் கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டில், துண்டு, மாற்றுச் சட்டை எல்லாம் ஒரு பையில் வைத்து, பிள்ளைகளோடு படியிறங்கிவிட்டாள்.

அவள் போகும் வழியை நிழல்தான் தீர்மானித்தது. காலையில் ஏரிக்கரை. அங்கே வாத்து மேய்க்கிறவர்கள் வந்தால் பிள்ளைகளுக்கு அன்று யோகம். கொஞ்சம் வெயில் ஏறியதும் வல்லம் வடகால் பக்கம், வயலாக இருந்த இடத்தில் ஜே.சி.பி. மண் தோண்டுவதைப் பார்க்கலாம். மஞ்சள் வண்டியின் கை இறங்கும், மண்ணை அள்ளும், எழும்பும், கொட்டும். மணி அதன் சத்தத்தை வாயாலேயே போடுவான். உச்சி வெயிலுக்கு வல்லக்கோட்டை முருகன் கோயில் மண்டபம். கல்தரை குளிர்ச்சியாக இருக்கும். சாப்பாடு, குட்டித் தூக்கம் எல்லாம் அங்கே. வெயில் தாழ்ந்ததும் ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு. இரண்டு அடுக்காகக் கார் ஏற்றிய நீள லாரிகள் திரும்பும்போது பிள்ளைகள் கைகாட்டுவார்கள். சில டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் பயணம். செல்விக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. ஆரம்பத்தில் கால் வலித்தது, அலுப்பாக இருந்தது, அழுகைகூட வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஜே.சி.பி.யின் கை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நிற்பாள். யாராவது கூப்பிட்டால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியும். வாரத்துக்கு ஒருமுறை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊரில் இருக்கும் அக்கா பேச்சியிடம் பேசுவாள். நல்லா இருக்கியாட்டி என்று அக்கா கேட்பாள். இருக்கேன் என்பாள். பொய்யுமில்லை, மெய்யுமில்லை.

வீட்டுக்காரம்மா அம்சவல்லிக்கு இந்த ஊர்சுற்றல் தினமும் ஒரு வேடிக்கை. முன்வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கேட்பாள்.

“இன்னாம்மா செல்வி, கலெக்டர் கணக்கா டெய்லி ரவுண்ட்ஸ் கெளம்பிடற? கொயந்தைங்க கறுத்துப் போச்சி பாரு.”

“அவுங்க தூங்கணும்லாக்கா.”

“உன் வூட்டுக்காரரு மொகமே எனக்கு மறந்து போச்சி போ. சட்டை மட்டும் கொடில தெனம் தொங்கினு கீது. ரோட்ல பாத்தா அத்த வச்சித்தான் நான் அடையாளம் கண்டுபுடிக்கணும்.”

செல்வி சிரித்தாள். சிரித்தால் பேச்சு முடிந்துவிடும் என்பதால் சிரித்தாள். சட்டை என்னவோ பார்த்தால் தெரியும் சட்டைதான். சாம்பல் நிறம், கருநீலக் காலர், பையின் மேல் சிவப்பு நூலில் கம்பெனிப் பெயர். காலையில் அந்தச் சட்டையோடு வேல்ராஜ் சந்து திரும்பும்போதே சுகப்பிரியா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள். அவன் தூக்கி வைத்திருப்பான். அவன் குளித்து, லுங்கி கட்டிச் சாப்பிட உட்கார்வதற்குள் செல்வி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பியாக வேண்டும். சாயங்காலம் அவர்கள் திரும்பும்போது அவன் மறுபடியும் அதே சட்டையில், கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் நிற்பான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரும்பாலும் ஓ.டி. என்று கூடுதல் வேலை இருக்கும். இதில் யோசிக்க ஏதும் இருப்பதாக அப்போது யாருக்கும் படவில்லை.

கோடை முடியும் சமயத்தில் ஒரு ஞாயிறு அவனுக்கு முழு லீவு கிடைத்தது. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போவோம் என்று அவனே சொன்னான். அன்று முகம் வழித்து, தீபாவளிக்கு எடுத்த சிவப்புக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். பஸ்ஸில் சுகப்பிரியாவை மடியில் வைத்துக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். வெட்கம் என்று சொல்லி அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். படப்பை தாண்டும்வரை கையை மடியிலேயே வைத்திருந்தான்.

மிருகக்காட்சி சாலையில் நல்ல கூட்டம். புலி இருக்கும் இடத்தில், அகழிக்கு அந்தப் பக்கம், புலி ஒரு மரத்தடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். செல்வியின் பிள்ளைகள் இரண்டும் மட்டும் கம்பியைப் பிடித்தபடி, மூச்சுவிடும் சத்தம்கூட வராமல் நின்றன. பக்கத்தில் விசிலடித்த ஒரு ஆளை மணி சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“சத்தம் போடாதீங்க மாமா. அது நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து படுத்துருக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வேல்ராஜும் சிரித்தான். செல்விக்கு அவன் பல்லைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியது. அந்த நினைப்பும் அங்கேயே நின்றுவிட்டது, மேலே போகவில்லை.

குடிதண்ணீர்க் குழாயடியில்தான் அது நடந்தது. செல்வி பாட்டிலை நிரப்பக் குனிந்தாள். சுகப்பிரியாவை வேல்ராஜ் பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்தாள். பிள்ளை அம்மாவிடம் இருக்கிறாள் என்று அவன் நினைத்தான். நிமிர்ந்தபோது மணி மட்டும்தான் நின்றான்.

ஆளுக்கொரு பக்கமாகத் தேடினார்கள். மணியைக் கையில் பிடித்துக்கொண்டு செல்வி யானைப் பக்கம் போனாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தன் குரல் யாரோ கூப்பிடுவது போல இருந்தது. நெஞ்சு அடிக்கும், கால் தள்ளாடும் என்று எதிர்பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. உள்ளே எல்லாம் பஞ்சு அடைத்தது போலக் கிடந்தது. பிள்ளையைக் காணோம், எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தபடியே திரும்பினாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

குரங்குக் கூண்டுப் பக்கம் சின்னக் கும்பல். நடுவில் ஒரு ஆள், அவன் தோளில் சுகப்பிரியா. அந்த ஆள் போட்டிருந்தது சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் காலர், பையின் மேல் சிவப்பு நூல். அதே கம்பெனி. பக்கத்தில் அவன் மனைவியும் அவர்களுடைய பிள்ளையும். எதிரே வேல்ராஜ், நீட்டிய கையோடு. நடுவில் மிருகக்காட்சி சாலைக் காவலாளி.

அந்த ஆள் காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தது செல்விக்குக் கேட்டது. “நான் இன்னா சார் பண்றது? ‘அப்பா’ன்னு ஓடியாந்து காலைக் கட்டிகிச்சி. எறக்கி வுட்டா அழுவுது.”

வேல்ராஜ் இன்னும் ஓரடி முன்னால் போனான். “சுகி, வாம்மா. அப்பாட்ட வா.”

குழந்தை அந்தச் சாம்பல் சட்டையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தியது. காவலாளி வேல்ராஜை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளை பிடிக்கிறவன் என்ற சந்தேகம் அவர் கண்ணில் இருந்தது. குழந்தையின் முதுகில் தட்டி, “பாப்பா, இவுரு யாரு?” என்று கேட்டார்.

சுகப்பிரியா ஒரு கண்ணை மட்டும் காட்டி வேல்ராஜைப் பார்த்தாள்.

“மாமா.”

தெரியாத ஆண்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று செல்விதான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

செல்வி கும்பலை விலக்கிக்கொண்டு போனதும் குழந்தை அம்மாவிடம் தாவியது. காவலாளிக்கு அது போதுமாக இருந்தது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். கும்பல் கலைந்தது. சாம்பல் சட்டைக்காரன் மட்டும் போகாமல் நின்றான். பெயர் வெங்கடேசன் என்றும், ஊர் வாலாஜாபாத் என்றும், கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருப்பதாகவும் சொன்னான். அவனுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்களும் நம்ம கம்பெனிதானா சார்? எந்த லைன்?”

“பிரஸ்.”

“நைட்டா?”

“ஆமா.”

வெங்கடேசன் குனிந்து தன் சட்டையையே பார்த்தான். பிறகு, பெரிய தப்புச் செய்துவிட்டவன் போல, “வேற சட்டை காயல சார். அதான் இத்த மாட்டிகினு வந்தேன்,” என்றான்.

வேல்ராஜ் பரவாயில்லை என்று தலையசைத்தான். திரும்பும் பஸ்ஸில் அவன் பிள்ளைக்காகக் கையை நீட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிவப்புக் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“இனி எங்க போனாலும் யூனிபார்மே போட்டுக்கிடுதேன்.”

அவன் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்திலும் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னான். அந்தக் குரல் செல்விக்குத் தெரியும். அக்காவிடம் போனில் ‘இருக்கேன்’ என்று அவள் சொல்லும் குரல் அதுதான்.

திங்கள் இரவு வேலைக்குப் போய் அவன் காலையில் திரும்பியதும், செல்வி பிள்ளைகளோடு வழக்கம் போலக் கிளம்பினாள். ஏரிக்கரை, பிறகு ஜே.சி.பி. மஞ்சள் கை ஏறி இறங்கியது. பார்த்துக்கொண்டு நின்றவள், மணி தயிர்சாதம் கேட்கும் முன்பே பையைத் தோளில் மாட்டினாள். கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் நடந்தாள்.

“கோயிலு அந்தப் பக்கம்லாம்மா,” என்றான் மணி.

“கோயிலுக்குப் போவல.”

“பின்ன எங்க?”

“புலி பாக்க.”

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. புலியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வழியெல்லாம் தங்கையின் காதில் சொல்லிக்கொண்டே வந்தான். வாசலில் அம்சவல்லி, கலெக்டர் பாதியிலேயே திரும்பிவிட்டாரே என்று வாயெடுத்தாள். செல்வி உதட்டில் விரல் வைத்துக் காட்டியதும் கீரையைப் பார்க்கக் குனிந்துகொண்டாள்.

செருப்பை வெளியே விட்டார்கள். செல்வி கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திறந்தாள். அப்படித் திறந்தால் கீல் முனகாது. வேல்ராஜ் லுங்கியோடு, வெற்று முதுகோடு, சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். காற்றாடி சுற்றியது. முதுகில் வேர்க்குரு சிவந்து கிடந்தது. பிள்ளைகள் இரண்டும் எதிர்ச்சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தன. மிருகக்காட்சி சாலைக் கம்பிக்குப் பின்னால் நின்ற அதே அமைதி.

அவன் விழித்துவிட்டால் என்ன செய்வது என்று செல்வி யோசித்து வைத்திருக்கவில்லை. அச்சு இறங்குவதும் கை எடுக்காததும் ஒரு முறை கண்ணுக்குள் வந்து போயிற்று. எழுந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் சுகப்பிரியா எழுந்துவிட்டாள்.

குழந்தை ஆணியில் தொங்கிய சாம்பல் சட்டையிடம் போனது. கைமடிப்பைப் பிடித்து இழுத்தது. சட்டை சத்தமில்லாமல் அவள் தலைமேல் விழுந்தது. செல்வி எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினாள். பிறகு நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். குழந்தை சட்டையைத் தரையோடு இழுத்துக்கொண்டு பாய்க்குப் போய், வேல்ராஜின் முதுகின்மேல் போட்டது. ஒரு பக்கம் சரிந்தது. சரிசெய்தது. சுவருக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் தலையை நுழைத்து, அவன் முகத்தைப் பார்த்தது. மறுபடியும் சட்டையைப் பார்த்தது. மறுபடியும் முகத்தை.

“அப்பா,” என்றாள், யாரிடமும் சொல்லாதது போல.

மணி உஸ்ஸென்றான்.

வேல்ராஜ் விழிக்கவில்லை. குழந்தை அந்த இடைவெளியிலேயே படுத்துக்கொண்டது. செல்வி முறத்தை மடியில் வைத்து, சாயங்காலத்துக்கு அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிய கல்லைத் தரையில் போடவில்லை. சத்தம் கேட்கும் என்று முந்தானையில் போட்டுக்கொண்டாள்.