சீட்டில் ஆள் இல்லாத பொக்லைன்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போன பஸ்ஸில் நானும் அக்காவின் சின்ன மகளும் இருந்தோம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் தர மறுத்திருந்த அப்பா, முந்திரித் தோப்பை விட்டு நகரமாட்டேன் என்று வரவில்லை. பக்கத்தில் இருந்தவரின் புருவத்தில்கூட வெள்ளைத் தூசி. அவருடைய வலது கை, முழங்காலின் மேல் எதையோ பிடித்து இழுப்பதுபோல் அசைந்துகொண்டே இருந்தது.

பஸ் டிவியில் கார்ட்டூன் படம். மஞ்சள் கண் வைத்த பொக்லைன் ஒன்று காட்டைத் தின்றுகொண்டிருந்தது.

“அதுக்கு ஏன் மாமா இவ்ளோ பசி?”

“அது வெறும் மிஷின் இல்ல பாப்பா. மனுஷனோட பேராசைக்கு ஒரு குறியீடு” என்றேன்.

அவர் திரும்பினார். “சீட்டுல ஆளயே வரையலயே தம்பி. அப்ப ஓட்டுறவன் எதுக்குக் குறியீடு?”

அசைந்துகொண்டிருந்த அவர் கையைப் பார்த்தேன். “நீங்க என்ன வேல பாக்குறீங்கண்ணே?”

“பொக்லைன் ஆபரேட்டர். நீங்க எந்த ஊரு?”

சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது. எழுந்து பாப்பாவை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

“நாளைலேர்ந்து எனக்கு அங்கதான் டூட்டி.”

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஆழமாகத் தோண்டினார்கள். தூசிக்குள் இருப்பது அவர்தானா என்று நின்று பார்ப்பேன், முகம் தெரியாது. அவரை வெறுக்க இன்னும் மனம் வரவில்லை. முதலில் கிணறு வற்றியது. கடைசியில் அப்பா கையெழுத்துப் போட, எங்களை விட்டுப் போனது ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு.