முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

பகலில் அவள் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்களைக் கூப்பிடுவாள். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம், பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகத்தில் புத்தகம் வாசிப்பாள். இரண்டுக்கும் ஒரே குரல்தான். "இருபத்தேழு, உள்ள வாங்க" என்று அவள் சொன்னால் இருபத்தேழாம் நம்பர்காரருக்குப் பாதிப் பயம் போய்விடும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். வீட்டில் கூட இருக்கும் தங்கையோ வேறு மாதிரி சொல்வாள்.

"பல்லு பிடுங்கக் கூப்பிடற குரல்லதான் நீ காதல் கதையும் வாசிக்கிற. பாவம் அந்த ஜனங்க. கண்ணு தெரியாதது பத்தாதுன்னு இது வேறயா?"

நூலகத்தில் அவளுக்கு வாசிப்பக்கா என்று பெயர். மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையைத்தான் பதிவு அறையாக மாற்றியிருந்தார்கள். சுவர் முழுக்கப் பழைய மெத்தைப் பஞ்சு. ஒரு மேசை, ஒரு மைக், சிவப்பு விளக்கு ஒன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்கிறவர் ஒலி கேட்கும் காது மூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மூச்சு கேக்குதுக்கா, இன்னொரு தடவை" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு சொல் வருவது அபூர்வம். அதனால் அவருக்கு மூச்சுக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது.

அறைச் சுவரில் மேனேஜர் மூன்று விதிகளை எழுதி ஒட்டியிருந்தார். நடிக்கக் கூடாது. விடக் கூடாது. சேர்க்கக் கூடாது. புத்தகத்தில் படமோ வரைபடமோ வந்து அதை விளக்க வேண்டியிருந்தால், முதலில் "வாசிப்பவர் குறிப்பு" என்று சொல்ல வேண்டும். விளக்கி முடித்ததும் "குறிப்பு முடிந்தது" என்று சொல்ல வேண்டும். எது புத்தகம், எது வாசிக்கிறவர் என்பது கேட்கிறவருக்குப் பிசகில்லாமல் தெரிய வேண்டும். அவளைப் போல அந்த விதியைக் காத்தவர்கள் யாரும் இல்லை. அச்சகத்தின் முகவரியைக்கூட விடாமல் வாசிப்பாள்.

பதினோரு வருஷத்தில் அவள் வாசித்த புத்தகங்கள் நாற்பத்து மூன்று. குறுந்தகடுகள் பல வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்தன. கேட்டவர்களில் ஒருவர் மட்டும் அவளைக் கூப்பிட்டுப் பேசுவார். வயலின் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். எழுபது வயது இருக்கும். நாற்பது வயதுவரை பார்வை இருந்தது, நிறையப் படித்துத் தள்ளியிருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மங்கிப்போனது.

புதன்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு, ஆஸ்பத்திரி சாப்பாட்டுக்கு மூடியிருக்கும் நேரத்தில், மேசையில் இருக்கும் தொலைபேசி அடிக்கும்.

"என்னம்மா, எத்தனை பல்லு போச்சு இன்னிக்கு?"

"பதினாலு சார். புத்தகம் முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சேன். சில புத்தகம் முடிஞ்சா வயலின் வில்லைக் கையில எடுக்கணும்னு தோணும். சில புத்தகம் முடிஞ்சா கை கழுவிட்டு வந்து சாப்பிடத்தான் தோணும்."

"இது எந்த ரகம் சார்?"

"ரெண்டு கரண்டி அதிகமாவே சாப்ட்டேன்."

இப்படித்தான் போகும் பேச்சு. ஒரு பத்தி எங்கே தாளம் தப்புகிறது, ஏன் ஒரு கதாசிரியர் மழையைப் பற்றி எழுதினால் நனைகிறது, இன்னொருவர் எழுதினால் நனைவதில்லை என்றெல்லாம் கேட்பார். அவள் பெரும்பாலும் "ஆமா சார்" என்பாள். சில சமயம் மறுத்துப் பேசுவாள். மறுத்த நாட்களில் அவருக்குக் குஷி அதிகம். ஒரு தடவை, புதுசாக ஒரு ராகம் எங்கிருந்து சார் வருகிறது என்று கேட்டுவிட்டாள்.

"அதெல்லாம் விட்டத்துலேர்ந்து பல்லி விழற மாதிரிம்மா. யார் தலையில விழும்னு பல்லிக்கே தெரியாது."

அவளோடு புத்தகம் பேச உலகத்தில் வேறு ஆள் இல்லை. தங்கைக்குப் படிக்கும் பழக்கம் கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்கவே வேண்டாம். வாரம் முழுவதும் அவள் வாய் பேசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவளுடைய சொந்தப் பேச்சு என்று இருந்ததெல்லாம் அந்த இருபது நிமிஷத்தில்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாவலை வாசித்தாள். துணி தேய்க்கும் கடை வைத்திருக்கும் ஒருத்தியின் கதை. சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தம்பிக்காக அவள் காத்திருக்கிறாள். யாரோ நூலகத்துக்குத் தானமாகக் கொடுத்த பழைய பிரதி. வழக்கமாக ஒருவர் இன்னொரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார்ப்பார். அந்தப் புத்தகத்துக்கு இன்னொரு பிரதி கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றையும் முன்கூட்டியே கடைசிவரை புரட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. முடிவை முதலிலேயே பார்த்துவிட்டால் குரலில் அது தெரிந்துவிடும் என்பது அவள் கொள்கை.

அன்றைக்கு மழை. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி, "யாரோ தட்டும் சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்தபோது" என்று நின்றது. தாளைத் திருப்பினாள். பின்னட்டை வந்தது. நடுவில் இருந்த தாள்கள் கிழிந்து, தையல் நூல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூச்சுக்காரர் தலையைக் குனிந்து கருவியில் ஒலி அளவு காட்டும் முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினால் நிறுத்தியிருப்பார். அவள் தூக்கவில்லை. ஏன் என்று பின்னால் பல தடவை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள், பதில் கிடைக்கவில்லை. இரண்டு மாதமாக அந்தக் கடையிலேயே குடியிருந்தவளுக்குக் கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பின்னட்டையைப் பார்த்தபடியே வாசித்தாள். வெளியே யாரும் இல்லை. ஈரம் படிந்த படி மட்டும் இருந்தது. தேய்க்கிறவள் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே வந்து ஒழுகும் இடத்தில் வாளியை வைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆறிக்கொண்டிருந்தது. மழை விட்டபின் வாளியில் சொட்டும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்தாள். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. இதுதான் கடைசிச் சொட்டு என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னொன்று விழுந்தது.

ஏழு நிமிஷம். விளக்கு அணைந்தது. மூச்சுக்காரர் காது மூடியைக் கழற்றினார்.

"பிரமாதம்க்கா. இந்தக் கடைசியில மூச்சே கேக்கல."

இன்னொரு பிரதி கிடைத்ததும் திருத்திவிடலாம் என்று ஆறப்போட்டாள். பிரதி கிடைக்கவில்லை. குறுந்தகடுகள் போய்விட்டன. மூன்றாம் வாரம், புதன்கிழமை, ஒன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது.

"அம்மா, அந்த வாளி…" என்று ஆரம்பித்தார் வாத்தியார். "முந்நூறு பக்கம் சுமாராத்தான் போச்சு. கடைசியில எங்கேர்ந்தும்மா பிடிச்சாங்க அந்த வாளியை?"

"அவங்க வீட்டு அடுக்களை ஒழுகியிருக்கும் சார்" என்றாள். அவள் வீட்டு அடுக்களை அப்போது ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொண்டுபோன சாப்பாட்டை அன்று அவள் திறக்கவே இல்லை. பசிக்கவில்லை.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அந்த வாளி அவர் பேச்சில் வந்துகொண்டே இருந்தது. நல்ல முடிவு எது என்று பேச்சு வந்தால் "வாளி மாதிரி இருக்கணும்" என்பார். போன வருஷம் அதை வைத்து ஒரு வயலின் உருப்படியே செய்துவிட்டார். தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டினார். ஒரே ஸ்வரம் விட்டு விட்டு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். வரவேற்பு மேசைக்குக் கீழே குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் ஒரு புதன்கிழமை, உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"அடுத்த மாசம் மண்டபத்துல என் மாணவி இதை வாசிக்கிறா. அதுக்கு முன்னாடி நீங்க மேடையில புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு கடைசிப் பக்கத்தை வாசிக்கணும். எழுதினவங்க போய்ச் சேர்ந்துட்டாங்களாம். அவங்க மகனைத் தேடிப்பிடிச்சுக் கூப்பிட்டிருக்கேன். அம்மா எழுத்துலேர்ந்து பொறந்த பாட்டுன்னு அவர் கேக்கணுமில்ல?"

"பாக்கறேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை துணி மடித்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிடேன்."

"வேற யாரையாவது வாசிக்கச் சொல்வாரு. அவங்க புத்தகத்தைத் திறப்பாங்க."

"அப்போ நெஜத்தைச் சொல்லு. திருட்டா பண்ணிட்ட? சொந்தமா ஒரு முடிவு சொன்ன, அவ்வளவுதானே? நீதான்னு தெரிஞ்சா மனுஷன் குதிச்சிடுவாரு."

தங்கை சொன்னதையேதான் அவளும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தாள். "நீங்களாம்மா!" என்று அவர் சொல்லும் குரல் ஒன்பது வருஷமாக அவள் காதுக்குள் தயாராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனாள். மருமகள் கதவைத் திறந்து, "மாமா, உங்க வாசிப்பம்மா" என்று உள்ளே குரல் கொடுத்தாள். சிறிய அறை. சுவரில் மூன்று வயலின்கள், கைக்கு எட்டும் உயரத்தில். நாற்காலிக்குப் பக்கத்தில் குறுந்தகடு போடும் கருவி, பொத்தான்களின் மேல் அடையாளத்துக்குத் துணிப்பட்டை ஒட்டியிருந்தது.

"உக்காருங்க. புத்தகம் கொண்டு வந்திருக்கீங்களா? கடைசிப் பக்கம் எத்தனையாவது?"

"சார், அந்தக் கடைசி ஏழு நிமிஷம் புத்தகத்துல இல்ல."

"பின்ன எதுல இருக்கு?"

"எதுலயும் இல்ல. தாள் கிழிஞ்சிருந்தது. நானா சொல்லிட்டேன்."

அவர் முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. சிரிப்பு வந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களா? அந்த வாளி?"

"எங்க வீட்டு வாளி சார்."

"அடேயப்பா" என்றார். மறுபடி ஒருமுறை, மெதுவாக, "அடேயப்பா." அதற்குப் பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கை நாற்காலியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. "அப்போ நெஜ முடிவு என்ன?"

"எனக்கும் தெரியாது சார்."

"ம்." அவரே கேட்டார். "வேற எங்கெல்லாம் சேத்தீங்கம்மா?"

"வேற எங்கயும் இல்ல சார். சத்தியமா. ஒரு வார்த்தை இல்ல."

"இருக்காதுதான். நம்பறேன்." நம்புகிறவர் குரலாக அது இல்லை. "ஆனா பாருங்க, நாப்பத்து மூணு புத்தகம். கண்ணு உள்ளவனுக்குச் சந்தேகம் வந்தா திருப்பிப் பாப்பான். நான் எதைத் திருப்பறது?"

கருவியின் பொத்தானில் ஒட்டியிருந்த துணிப்பட்டையைத் தடவியபடி அவரே தொடர்ந்தார்.

"படத்துக்கெல்லாம் சொல்வீங்களே, வாசிப்பவர் குறிப்புன்னு. ரெண்டு வார்த்தை. அதைச் சொல்லிட்டு அந்த வாளியை வச்சிருந்தீங்கன்னா, இன்னிக்கு நான் உங்களைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடியிருப்பேன்."

மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் குடித்துவிட்டு எழுந்தாள். வாசல்வரை வரும் பழக்கம் உள்ளவராம் அவர், மருமகள் சொன்னாள். அன்று வரவில்லை.

நிகழ்ச்சிக்குப் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மாணவி நன்றாகவே வாசித்தாள். ஒவ்வொரு உருப்படி முடியும்போதும் அடுத்தது அதுதான் என்று காத்திருந்தாள். அந்த ஒற்றை ஸ்வரம் வரவே இல்லை. கூட்டம் எழுந்துவிட்டது.

புதன்கிழமைகளில் ஒன்று பத்துக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. நான்காவது புதன்கிழமையிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில் அவள் வெளியே நடந்துவிட்டு வர ஆரம்பித்தாள்.

மேனேஜரிடம் அவளே போய் ஒப்புக்கொண்டாள். அவர் திட்டவில்லை, வேறு ஊர் நூலகத்திலிருந்து ஒரு முழுப் பிரதியை வரவழைத்தார். முடிவை மறுபடி பதிவுசெய்ய வேண்டும், பழைய குறுந்தகடுகளைத் திரும்ப வாங்கி உடைத்துவிட வேண்டும் என்று முடிவானது. முதலில் வந்தது வாத்தியாரின் குறுந்தகடு. கூட மருமகள் எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. மேனேஜர் அதைப் படித்துக் காட்டினார்.

"அந்த அம்மா வாசித்த மற்ற புத்தகங்களை வேறு யாராவது வாசித்த பதிவு இருந்தால் அனுப்பிவைக்கும்படி மாமா கேட்கிறார்."

"இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆறு புத்தகத்துக்கு இருக்கு. அனுப்பிட்டேன்."

குறுந்தகட்டை அவளே உடைத்தாள். நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது. மேசை விளிம்பில் வைத்து அழுத்த வேண்டியிருந்தது.

பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. "யாரோ தட்டும் சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்தபோது" என்பதுவரை பழைய குரல். அதற்குப் பிறகு புதுக் குரல். கேட்கிறவர்களுக்கு ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் குரலுக்கு ஒன்பது வயது கூடிவிடும். கதவுக்கு வெளியே தம்பி நின்றிருந்தான். காலில் விழுந்தான். இருவரும் அழுதார்கள். நான்கு பக்கம். தம்பி எங்கெல்லாம் போனான் என்று விவரமாக எழுதியிருந்தது. எதையும் விடாமல், எதையும் சேர்க்காமல், நடிக்காமல் வாசித்தாள். அச்சகத்தின் முகவரியையும் வாசித்தாள்.

கடைசியாக மேனேஜர் எழுதிக்கொடுத்த துண்டுத்தாளை எடுத்தாள்.

"வாசிப்பவர் குறிப்பு. இதற்கு முன் வெளியான பதிவில் கடைசி ஏழு நிமிடங்கள் புத்தகத்தில் இல்லாதவை. குறிப்பு முடிந்தது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மூச்சு கேக்குதுக்கா. இன்னொரு தடவை."

இன்னொரு தடவை வாசித்தாள். அதற்கப்புறமும் ஒரு தடவை. மூன்றாவது தடவையும் மூச்சு கேட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.