அம்மா நிறுத்திவைத்த போர்கள்

எனக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும். முதல் தடவை ஸ்ரீராம்புரத்தில் அண்ணம்மா சாமி ஊர்வலத்தன்று வந்தது. தமட்டை மேளம் அடிப்பவர்கள் எங்கள் சந்துக்குள் திரும்பிய நேரம் நான் விழுந்தேன் என்றார்கள். எனக்கு நினைவில்லை. அடுத்த தடவை பள்ளிக்கூடத்தில், ஆண்டு விழாவில் பேண்டு அடிக்கும்போது. அதோடு அங்கே எல்லாரும் பயந்துபோனார்கள்.

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய மிஸ் என்போம். அவர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். உடம்பு தேறுகிறவரை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுங்கள், வருஷக் கடைசியில் வாயால் கேட்டுப் பார்க்கிறேன், சரியாகச் சொன்னால் மேல் வகுப்பில் சேர்க்கிறேன் என்றார். அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அவருக்கு அதுவும் தெரியாது.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். அம்மா மாத்திரையை நம்பினாள். மற்றதை நம்பவில்லை. விசில் வந்துவிடும் என்று குக்கரைப் பரண்மேல் போட்டாள். அப்பா தும்முவதென்றால் வெளியே போய்த் தும்ம வேண்டும்.

மல்லேஸ்வரத்தில் ஒரு தமிழ் வீட்டில் அம்மா வேலை செய்தாள். அந்த வீட்டு அக்கா தன் பையனைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வீட்டில் படிக்கவைத்தார். சரித்திரப் பாடம் மட்டும் நாடகமாகக் கேட்பான். ராஜா பேசுவார், மந்திரி பேசுவார், குதிரை ஓடும். படம் கிடையாது, குரல் மட்டும்தான். அதையெல்லாம் அக்கா அம்மாவின் போனில் ஏற்றிக்கொடுத்தார். அங்கே அவனுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். இங்கே பள்ளிக்கூடத்துக்கு நான் வேண்டாம். இரண்டு பேருக்கும் ஒரே பாடம்.

மத்தியானம் வேலை முடித்து வந்ததும் அம்மா கதவைச் சாத்திவிட்டு நாடகத்தைப் போடுவாள். ஒரு கையில் போன். இன்னொரு கையில் பெட்டிச் சாவி. வலிப்பு வந்தால் உள்ளங்கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். யாராவது ‘முரசு’ என்று சொன்னாலே போதும், அவள் கட்டைவிரல் அழுத்திவிடும். படை கிளம்பாது.

"அப்புறம் இன்னாம்மா ஆச்சு?"

"சண்ட போட்டாங்கோ. முடிஞ்சிது. வூட்டுக்குப் போயி சோறு துன்னாங்கோ."

"யாரு ஜெயிச்சாங்கோ?"

"ரெண்டு பேருந்தான்."

"எல்லாருமே வூட்டுக்குப் போய்ட்டாங்களா?"

"எல்லாருந்தான். வாயத் தொற, மாத்திர போடணும்."

நான் படித்த சரித்திரத்தில் யாரும் சாகவில்லை. அப்பாவுக்குப் பிறகு மகன் ராஜாவாவான். அப்பா எங்கே போனார் என்று தெரியாது. வயதாகி வேலையை விட்டிருப்பார் என்று வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்பாள். "ஏம்மா, உங்க ராஜா இன்னிக்காவது சண்டைக்குப் போவாரா, இல்ல செருப்பு மாட்டினே நிப்பாரா?"

"நிக்கட்டும். ஒனக்கு இன்னா வந்துச்சு?" என்பாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வராது. அம்மா விரலுக்கு அந்தப்பக்கம் என்னவோ இருக்கிறது, அது காதில் விழுந்தால் நான் விழுவேன் என்று தெரியும். கதை நடக்கும்போதே நாக்கைப் பல்லுக்குள் மடித்து வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் தக்கோலம் கதை ஓடியது. சோழ இளவரசன் யானைமேல் ஏறப் போகிறான். அப்போது சந்தில் யாரோ, "தண்ணி வந்துச்சு!" என்று கத்தினார்கள். வந்த தண்ணீர் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அம்மா போனையும் சாவியையும் போட்டுவிட்டுக் குடங்களோடு ஓடினாள்.

முரசு அடித்தது.

நிறுத்தும் பொத்தான் எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை. சாவியை எடுத்து நானே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விழுந்தால் தலையில் படாமலிருக்கத் தலையணையை இழுத்துப் போட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். யானை பிளிறியது. ஆட்கள் கத்தினார்கள். அம்பு ஒன்று இளவரசனின் நெஞ்சில் பாய்ந்தது. யானைமேலேயே செத்துப்போனான். அப்புறம் ஒருவன் போய் அவன் அப்பாவிடம் சொன்னான். அப்பா ஒன்றும் பேசவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் காத்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. கையெல்லாம் துரு.

அம்மா குடத்தோடு திரும்பியபோது போன் சும்மா கிடந்தது. "சார்ஜ் போய்டுச்சா?" என்று அவளே சொல்லிக்கொண்டாள். சேலையைப் பிழிந்தபடி மீதிக் கதையையும் சொன்னாள்.

"அந்தப் புள்ள சண்டைக்குப் போச்சு. வந்துச்சு. அவங்கப்பாகூட குந்தினு சோறு துன்னுச்சு."

நான் அவளையே பார்த்தேன். அவன் செத்தது அவளுக்குத் தெரியவில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து கதை ஓடாதபோதும் நாக்கை மடித்தே வைத்திருந்தேன்.

வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம் போனோம். பெரிய மிஸ் கணக்குக் கேட்டார், சொன்னேன். வாய்ப்பாடு கேட்டார், ஏழில் தடுமாறினேன். அப்புறம் சரித்திரத்துக்கு வந்தார். தக்கோலத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்.

பின்னால் நின்ற அம்மாவுக்குச் சந்தோஷம். "சொல்லு கண்ணு, ஒனக்குத்தான் தெரியுமே."

அம்மா சொன்ன பதிலைச் சொன்னால் பள்ளிக்கூடம் போய்விடும். உண்மையைச் சொன்னால் நான் முரசு கேட்டது அவளுக்குத் தெரிந்துவிடும். நல்லா அடி விழும். பெரிய மிஸ் பேனாவால் மேஜையைத் தட்டினார்.

"முரசு அடிச்சாங்க மிஸ். யான கத்துச்சு. அம்பு வந்து இளவரசர் நெஞ்சுல பட்டுச்சு. யான மேலயே செத்துட்டாரு. அவங்கப்பாகிட்ட போயி சொன்னாங்க. அவரு ஒண்ணும் பேசல."

"சபாஷ்" என்றார் பெரிய மிஸ்.

அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "நீ கேட்டியா?"

"ம்."

"மொரசு சத்தமெல்லாம்?"

"ம்."

"எப்போ?"

"தண்ணி வந்துச்சே, அன்னிக்கு."

"ஒண்ணும் ஆவலியா? கை காலு இழுக்கல?"

"இல்லம்மா."

அம்மா வெளியே போனாள். வராந்தாவில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. பெரிய மிஸ் என்னிடம், "ஜூன்ல வந்துடு" என்றார். எனக்கு அது காதில் சரியாக ஏறவில்லை. நான் வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியில் அடி விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். அதே கதையைப் போட்டாள். முரசு வந்தது. விரல் அழுத்தவில்லை, சத்தத்தைக் கூட்டியது. என் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். யானை பிளிறியது, அம்பு வந்தது, இளவரசன் செத்தான். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. முடிந்ததும் மறுபடி போட்டாள். மறுபடி செத்தான்.

எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை நாள் அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான் என்று நினைத்திருந்தவள். மிஸ் எதிரில் நான் அப்படிப் பட்டென்று போட்டு உடைத்திருக்கக் கூடாது.

"அழுவாதம்மா" என்றேன். "அவரு செத்து ரொம்ப வருசமாச்சு."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சத்தத்தை இன்னும் கூட்டினாள்.