வாயைத் திறக்கக் கூடாத சனிக்கிழமைகள்

போன வாரம் என் மனைவி என் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். பறவை கூவும் பக்கமாக நீட்டிப் பிடித்தால் போதும், இன்ன பறவை என்று படத்தோடு சொல்லிவிடுமாம். ஈப்போவில் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு மைனாவையும் காக்கையையும் விட்டால் வேறு யார் வரப் போகிறார்கள்? இரண்டையும் அது சரியாகவே சொன்னது. அப்போதுதான் எனக்கு அந்தக் குறும்பு தோன்றியது. நாக்கை முன்பல்லில் ஒட்டிவைத்து, "கூக்... கூக்... கூவீ" என்று நானே ஒரு சத்தம் கொடுத்தேன். கைப்பேசி கொஞ்சம் யோசித்துவிட்டுக் குக்குறுவான் என்றது. மலைக்காட்டில் இலையோடு இலையாகப் பச்சையாய் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் படாமல் நாளெல்லாம் கூவுமே, அந்தப் பறவை. நான் சிரித்த சிரிப்பில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்னாச்சு உங்களுக்கு?"

"இது குக்குறுவான் இல்ல. எங்கம்மா."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். உங்களுக்காவது விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முந்தி எனக்குக் கேமரன் மலையில் வேலை. ரிங்லெட்டைத் தாண்டி மேலே போகும் வழியில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன விவசாயப் பயிற்சிக் கல்லூரி இருந்தது. அங்கே நான் கணக்குப் பாடம் எடுத்தேன். முட்டைக்கோசு நடுவதற்கு எதற்கு சார் கணக்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். எனக்கும் அதே சந்தேகம் இருந்ததால் கோபப்பட முடியாது.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது அந்துருண்டை வாசம்தான். குளிரென்றால் என்னவென்றே தெரியாமல் போய் இறங்கியவன் நான். முதல் சம்பளத்தில் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். பழைய துணிக் குவியலிலிருந்து எடுத்தது. பாசி பிடித்த சுவரின் பச்சை. எனக்குள் இன்னொருவர் குடியிருக்கலாம், அவ்வளவு பெரிது. எத்தனை முறை துவைத்தாலும் அந்துருண்டை வாசம் போகவில்லை. விடிகாலைப் பனியில் அது நனைந்ததும், தோட்டத்து ஆலையிலிருந்து வரும் தேயிலை வாசத்தோடு சேர்ந்துகொண்டு மூக்கில் ஏறும். எனக்குச் சனிக்கிழமை என்றால் அந்த வாசம்தான்.

ஏனென்றால் சனிக்கிழமை காலைகளில் கமலா அக்கா எங்களைப் பறவை பார்க்க நடத்திக்கொண்டு போவார். அவர் பெண்கள் விடுதிக்கு வார்டன். படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே விடுதி முழுக்க விளக்கு அணையும். கல்லூரி வளாகத்தைச் சுற்றி, வேலியோரமாகப் போய், பின்கேட்டைத் தாண்டித் தேயிலைச் சரிவில் கொஞ்ச தூரம் நடந்து திரும்புவோம். இரண்டு மூன்று விரிவுரையாளர்கள், அலுவலகத்துப் பெண்கள், வேன் ஓட்டும் தனபால் அண்ணன், நான். எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகியிருக்கவில்லை. கமலா அக்கா சொன்னால் முதல்வர் கேட்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிப்பட்டவரே வந்து, "சார், நாளைக்கிப் பறவை பாக்க வாறீங்களா?" என்று கேட்டால், நிரந்தரம் ஆகாதவன் வேறென்ன சொல்வான்? ஆனாலும் மூன்றாம் வாரத்திலேயே எனக்கு அது பிடித்துப்போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடைக்குச் சட்டங்கள் உண்டு. பேசக் கூடாது. பளிச்சென்ற நிறத்தில் உடுத்தக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. மனிதக் குரல் கேட்டால் பறவைகள் உள்ளே போய்விடும் என்பார் அக்கா. அதனால் ஆளுக்கொரு பறவைச் சத்தம். நடுவில் நின்று அக்கா சீழ்க்கை அடித்ததும் ஒவ்வொருவராக அவரவர் சத்தத்தைக் கொடுக்க வேண்டும். ஆள் கணக்கு அப்படித்தான். தனபால் அண்ணனுக்குக் கரிச்சான், அச்சு அசலாக வரும். எனக்குத் தேன்சிட்டு என்று ஒதுக்கினார்கள். நான் கொடுத்ததோ டயரிலிருந்து காற்று இறங்குகிற சத்தம். எந்தத் தேன்சிட்டும் அதற்குப் பதில் சொன்னதில்லை.

இந்த நடைக்கு நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன் பாருங்கள்!

அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவள். நாலு நிரை தள்ளி நிற்கும் கூட்டாளியோடு நாள் முழுக்கக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. ரகசியம் சொல்கிறேன் என்று அவள் ஆரம்பித்தால் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும். தூக்கத்தில்கூடப் பேசுவாள். அப்பா போன பிறகு தனியாக இருந்தவள், மகன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரம் வந்திருந்தாள். வந்த மறுநாளே பிரிஞ்சாங் சந்தையில் ஸ்ட்ராபெரிச் சிவப்பில் ஒரு சால்வை வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை அதைப் போர்த்திக்கொண்டுதான் கிளம்பினாள்.

கமலா அக்கா கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"அம்மா, இந்தச் செவப்பு வேணாம்மா. ஒரு குருவிகூட மிஞ்சாது."

என் பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டுவிட்டேன். முழங்கால் வரைக்கும் வந்தது.

"பேசலாமா?" என்று அம்மா கேட்டாள்.

"பேசவே கூடாதும்மா. அவசரம்னா பறவ மாதிரி ஒரு சத்தம் குடுங்க, போதும். உங்க மகனுக்கு வேல இன்னும் கன்ஃபார்ம் ஆகல தெரியும்தானே? நீங்க வாயத் தொறந்தா நான் பிரின்சிபல்கிட்ட சொல்லிருவேன்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

அன்று என் அம்மா வாயைத் திறக்கவில்லை. விடுதிக்குப் பின்னால் சிவப்பும் கறுப்புமாய் மின்சிட்டுக் கூட்டம் ஒன்று மரம் மாறியபோது, கன்னம் இரண்டும் உப்ப, என் கையைப் பிடித்து உலுக்கினாள். சொல்ல வந்ததை விழுங்கியது தெரிந்தது. பாவமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. பின்கேட்டைத் தாண்டித் தேயிலைச் சரிவுக்குள் நுழைந்தோம். அம்மா எனக்குப் பின்னால் கடைசி ஆளாக வந்தாள்.

பனி வந்தது. அங்கே அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. இப்போதுதான் எதிர்ச் சரிவில் கொழுந்துக் கூடைகள் தெரிந்தன, அடுத்த நிமிடம் என் கையே எனக்கு மங்கல். அக்கா நின்று சீழ்க்கை அடித்தார். கரிச்சான் வந்தது, மற்றவை வந்தன, என் டயரும் காற்றை இறக்கியது. விருந்தாளியான அம்மாவுக்குச் சத்தம் எதுவும் ஒதுக்கியிருக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா இல்லை.

சரிவின் கீழ்ப்பக்கம் போன மாத மழையில் மண் சரிந்திருந்தது. நாலைந்து நிரை தேயிலையை அப்படியே வாரிக்கொண்டு போய் ஆற்றில் போட்டிருந்தது. அந்த இடத்தில் வேலிகூட இல்லை, ஒரு கயிறுதான். அம்மாவுக்கு அது தெரியாது. கமலா அக்கா என் தோளைத் தட்டிவிட்டு, வந்த வழியே திரும்பியிருப்பாரோ என்று பார்க்க மற்றவர்களோடு கேட்டுப் பக்கம் ஓடினார். நானும் தனபால் அண்ணனும் கீழே இறங்கினோம்.

"அம்மா!" என்று கத்தினேன். சட்டமாவது ஒன்றாவது.

எங்கோ ஒரு பறவை மட்டும் கூவியது. கூக், கூக், கூவீ.

தனபால் அண்ணன் சட்டென்று நின்றுவிட்டார். "சார், இது புதுசு சார். குக்குறுவான் ஜாதி. ஆனா இங்க இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

"அண்ணே, எங்கம்மாவக் காணோம்ண்ணே!"

"தேடுறேன் சார், தேடுறேன். காது சும்மா இருக்க மாட்டேங்குது."

மறுபடியும் கத்தினேன். மறுபடியும் அது கூவியது. நான் கத்தக் கத்த, அடுத்த நொடியே பதிலுக்குக் கூவியது. அதற்குக் கோபம் வந்ததுபோல் இருந்தது.

"ஆம்பளப் பறவ சார்," என்றார் தனபால் அண்ணன் மெதுவாக. "இது அது எடம். உங்க சத்தத்தக் கேட்டுப் போட்டிக்கி வேற ஆம்பள வந்துட்டான்னு நெனச்சிக்கிச்சு. நீங்க கத்துனா அது அடங்காது."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் அதை நம்பினேன். அதன் இடத்துக்குள் நுழைய வேண்டாம் என்று எதிர்ப்பக்கமாக, சரிவு விழுந்த கயிற்றை நோக்கி நடந்தேன். ஒரு வருடம் சனிக்கிழமைதோறும் பறவை பார்த்தால் மூளை அப்படி ஆகிவிடும். கயிறு அறுந்து தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பனி, அதற்குக் கீழே தண்ணீர்ச் சத்தம். உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒருத்திதான். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, முருகா, என் வேலை போனாலும் போகட்டும், அம்மாவைக் கொடு என்று வாய்விட்டே கேட்டேன்.

அப்போது பின்னாலிருந்து அந்தப் பறவை தும்மியது.

ஒரு தும்மல் இல்லை, மூன்று. மூன்றாவதின் வாலில் "முருகா!" என்றது. என் அம்மா பிறந்ததிலிருந்து தும்முவது அப்படித்தான். அந்துருண்டை வாசம் அவளுக்கு ஆகாது.

நானும் அண்ணனும் விழுந்தடித்து ஓடினோம். இரண்டு நிரைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பிசகியிருந்தது. ஒரு செருப்பைக் காணோம். பச்சை ஸ்வெட்டரில் செடியோடு செடியாக இருந்தாள், கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தும் முதலில் முகம்தான் தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம், விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்றதுதான்.

"எங்க அந்த வார்டனம்மா?" என்று கிசுகிசுத்தாள். "ஏன்டா தம்பி இப்புடிக் கத்துற? கேட்டுச்சுன்னா வேல போயிராதா? நானும் இங்க இருக்கேன், வாய மூடுடான்னு எத்தன வாட்டிதான் கூவுறது!"

நான் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால் இரண்டும்தான். கால் பிசகி, பனியில் தனியாகக் கிடந்து, மகன் பதறிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டே, அவன் வேலைக்காக வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், லயத்தையே எழுப்பும் அந்தத் தொண்டைக்காரி. தனபால் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "அம்மா, அத இன்னொரு வாட்டி குடுங்கம்மா," என்றார்.

நாங்கள் கைகளைக் கோத்து நாற்காலி போட்டு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தோம். கேட்டில் கமலா அக்கா ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்மா..."

"வெளையாட்டா? அத மொதல்லயே சொல்றதில்லியா?" என்றாள் அம்மா. அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள்! காலையிலிருந்து சேர்த்துவைத்ததெல்லாம் வந்தது. மின்சிட்டு, கான், செருப்பு, ஸ்வெட்டரின் நாற்றம், நான் குழந்தையில் வயிற்றுப்போக்கில் கிடந்தது வரை. கேன்டீனில் காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நாசி லெமாக் ஆறிப்போனது. அக்கா உட்பட யாரும் அவளை நிறுத்தவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி ஒரு சங்கீதத்தை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் சட்டங்களைச் சொல்லும்போது அக்கா முதலாவதாக, "விழுந்தா கத்துங்க," என்றார். வேலையும் நிரந்தரம் ஆனது. அம்மாவின் அந்தக் கூவலை, ஆள் இங்கே இருக்கிறேன் என்பதற்கு எங்கள் கூட்டமே எடுத்துக்கொண்டது. நான் மாற்றலாகி வரும்வரை தேயிலைச் சரிவில் சனிக்கிழமைதோறும் அது கேட்டது.

இப்போது அந்தக் கல்லூரி அங்கே இல்லை, சமவெளிக்குப் போய்விட்டது. கமலா அக்கா பினாங்கில் மகளோடு இருக்கிறார், முழங்கால் வலி, மாடி இறங்குவதில்லை. தனபால் அண்ணன் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறார். வழியில் பார்த்தேன் என்று போன வருடம் ஒரு படம் அனுப்பினார். விடுதிக்குப் பின்னால் மின்சிட்டு வந்த மரங்கள் இருந்த இடம் முழுக்கப் பிளாஸ்டிக் கூரை, உள்ளே மிளகாய்.

அம்மா இங்கே, எங்களோடுதான் இருக்கிறாள். மனைவியின் சந்தேகத்தைத் தீர்க்க அன்றைக்கே அம்மாவைப் பின்வாசலுக்கு அழைத்துவந்து, கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்து, அந்தச் சத்தத்தைக் கொடுக்கச் சொன்னேன். அம்மா நாக்கை மடித்தாள். கன்னத்தை உப்பினாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள், அதுவும் காற்று.

"பல்லு இருந்தப்ப வந்துச்சு தம்பி. போச்சு, வுடு."

சத்தம் எதுவும் கேட்கவில்லை, மறுபடியும் முயலுங்கள் என்றது செயலி. அந்தக் குக்குறுவான் இனி எங்கேயும் கூவாது. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன்.

சாயங்காலம் குளியலறையிலிருந்து, "டேய் தம்பீ! துண்ட மறந்துட்டேன்டா!" என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, எதிர்வீட்டுச் சீனர் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கத்தட்டும், நன்றாகக் கத்தட்டும்.