கர்ச்சீப் பாட்டு எத்தனை விற்றது?

சுகுணா அக்கா போன செய்தி எனக்கு ஒரு போட்டோவாக வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் அபார்ட்மெண்டில் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. அக்கா வீடு இருக்கும் மர்பி டவுனில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரை யாரோ படம் பிடித்து குரூப்பில் போட்டிருந்தார்கள். அக்காவின் முகம், சுற்றிலும் பூ, கீழே பெரிய எழுத்தில் 'பத்து லட்சம் கேசட் விற்ற கர்ச்சீப் பாட்டு புகழ் சுகுணா'. முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பத்து லட்சத்தைப் படித்தபோதுதான் அக்கா இல்லை என்று புரிந்தது. இருந்திருந்தால் அதை எழுத விட்டிருக்கமாட்டாள்.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "யாரும்மா? ரிலேஷனா?" என்றார். அக்கா என்றேன். "கூடப் பொறந்தவங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது? மேம்பாலத்தில் பஸ் நகரவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மர்பி டவுன் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் ஓடி முடியும்வரை எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன்.

அக்காவின் மகன் பிரபு இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னான். நான் ஏழாவதுவரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அக்காவை மேடையில் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர். நான் பார்த்தது ஒக்கலிபுரத்தில், ஒரு கேசட் கம்பெனியின் பேக்கிங் ரூமில். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்பதால் பார்சல் அனுப்ப வசதி என்று முதலாளி அங்கே இடம் பிடித்திருந்தார். பக்திப் பாட்டு, நாட்டுப் பாட்டு, சினிமாவில் வராத தனிப்பாட்டு எல்லாம் பதிந்து ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்புவார். படம் அச்சடித்த கவரை மடித்து, டப்பாவுக்குள் செருகி, கேசட்டை வைத்து மூடுவது எங்கள் வேலை. அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து மடிப்போம். அவள் வாய் சும்மா இருக்காது, பாடிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வரவேண்டிய பாடகி தொண்டை கட்டிக்கொண்டு வரவில்லை. முதலாளி பேக்கிங் ரூமுக்கு வந்து, "யாராவது பாடுவீங்களாம்மா? சும்னே டிராக் போட்டு வெச்சிக்கலாம், அப்புறம் அந்தப் பொண்ண வெச்சி மாத்திக்கலாம்" என்றார்.

"சுகுணாக்காவ கூட்டினு போங்க சார். நாள் பூரா எங்க காத தின்னுது" என்றேன் நான்.

"ஏண்டி செல்வி, உன் காது தப்பிக்கணும்னு என்ன மாட்டி வுடறியா?" என்று திட்டிக்கொண்டே எழுந்து போனாள். கையில் ஒட்டியிருந்த காகிதத் தூசியைக்கூடத் தட்டவில்லை. பாடி முடித்ததும் கீபோர்டு வாசித்தவர், இதை மாற்றினால் நான் வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அப்படித்தான் அந்தக் குரல் கேசட்டில் தங்கியது.

பாட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டு சீட் பிடிக்கிறாள் ஒருத்தி. ஏறிப் பார்த்தால் அந்தக் கர்ச்சீப்பின் மேலேயே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பாதி தமிழ், பாதி கன்னடத்தில் சண்டை. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் தினமும் நடப்பதுதான். டீக்கடை, ஆட்டோ, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் என்று எங்கே பார்த்தாலும் அந்தப் பாட்டு ஓடியது.

லட்சம் எப்படி வந்தது என்று இப்போது சொல்கிறேன். கவர் சிவகாசியில் அச்சாகி வரும். கொஞ்சமாக அடித்தால் ரேட் அதிகம், நிறைய அடித்தால் குறையும். பாட்டு ஓடுகிற சந்தோஷத்தில் முதலாளி ஒரேயடியாக லட்சம் கவருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். கட்டுக்கட்டாக வந்து பேக்கிங் ரூமின் கூரையை முட்டியது. எங்களுக்குக் கால் நீட்ட இடமில்லை. அந்த நேரம் பார்த்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். "எத்தினி சார்?" என்று கேட்டார். முதலாளி கவர்க் கட்டுகளைக் காட்டி, "லட்சம் அடிச்சிருக்கோம்" என்றார். 'லட்சம் விற்ற பாட்டு' என்று பத்திரிகையில் வந்தது. முதலாளி பொய் சொல்லவில்லை, எழுதியவரும் வேண்டுமென்று எழுதவில்லை. ஆனால் வந்தபிறகு மறுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. அதையே போஸ்டராக அடித்து ஒட்டினார்.

பிரிக்காத கட்டுகள் அப்படியே கிடந்தன. நாங்கள் அலமாரியில் விரிக்க எடுத்துப்போனோம். பிள்ளைகள் அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். மழைக்காலத்தில் என் வீட்டு ஜன்னல் இடுக்கை அடைத்தது கர்ச்சீப் பாட்டுக் கவர்தான்.

இன்னொன்றும் உண்டு. விற்காத கேசட்டைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெட்டிகளைப் பிரிப்பதும் நாங்கள்தான். கவரை உருவிப் போட்டு, மேலே ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழித்தால், அந்தக் கேசட்டில் வேறு பாட்டைப் பதிவார்கள். அது மறுபடி பார்சலாகப் போகும். போனதையெல்லாம் விற்றது என்றே சொல்வார்கள். திரும்பி வந்ததைக் கழிக்கிற பழக்கம் அந்தத் தொழிலில் இல்லை. ஒரே டப்பா இரண்டு பாட்டுக்கு விற்றதாக ஆகிவிடும்.

ஒரு நாள் சேலத்திலிருந்து வந்த பெட்டியை அக்கா பிரித்தாள். மேலிருந்து கீழ்வரை கர்ச்சீப் பாட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"வாடியம்மா வா. சேலம் பூரா சுத்திட்டு வந்தியா? வெயில் எப்படி?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து கிழிக்க ஆரம்பித்தாள். அன்றைக்குச் சாயந்தரம்வரை அவள் பாடவில்லை. தன் பாட்டைத் தானே கிழித்த பாடகி வேறு எங்கேயாவது இருப்பாளா, எனக்குத் தெரியாது. கூட உட்கார்ந்து கிழித்தவள் நான் ஒருத்தி.

அதற்காகப் பாட்டு ஓடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரிஜினலை ஒருவர் வாங்கினால் அதைப் போட்டுப் போட்டு ஊரே காப்பி எடுத்தது. எஸ்.பி. ரோடு பக்கம் நடைபாதையில் குவித்து வைத்து விற்றார்கள், அக்காவின் பெயரைத் தப்பாக அச்சடித்து. அது எந்தக் கணக்கிலும் வராது. "போனது வேற, வித்தது வேற, கேட்டது வேறடி. இதுல எத நான் சொல்றது?" என்பாள் அக்கா. லட்சத்துக்குக் கீழேயா, மேலேயா? அக்காவுக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

கம்பெனி மூடிய பிறகு அக்கா ஆர்கெஸ்ட்ராவில் பாடினாள். மைக்கில் அறிவிக்கிறவர்கள் லட்சத்தை வளர்த்துக்கொண்டே போனார்கள். மூன்று என்றார்கள், ஐந்து என்றார்கள். நெட்டில் பத்து என்று யாரோ போட்டுவிட்டார்கள். பிரபு அதைக் காட்டியபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் வீட்ல சும்மா உக்காந்துகீறேன், கம்பெனியும் இல்ல, கேசட்டு மட்டும் வித்துகினே கீது பாரேன்!"

போன வருஷம் ஆன்லைன் சேனலிலிருந்து இரண்டு பிள்ளைகள் பேட்டி எடுக்க வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். அக்கா வரச் சொன்னதால் நானும் போயிருந்தேன்.

"பத்து லட்சம் வித்தப்ப எப்படி ஃபீல் பண்ணீங்க மேடம்?"

"அது தெரியாதுப்பா."

"ஞாபகம் இல்லையா மேடம்?"

"ஞாபகம் நல்லா கீது. எத்தினி வித்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. லட்சம்னு சொன்னது கவரு."

கவர்க் கதை முழுக்கச் சொன்னாள். சேலம் பெட்டியையும் சொன்னாள். பிரபு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் போனதும் உள்ளே வந்தான்.

"ஏம்மா, உனுக்கு இன்னா பேஜாரு? ஊரே லட்சம்னு சொல்லுது. நீ மட்டும் இல்லன்றே."

"இல்லன்னு சொல்லலடா. தெரியாதுன்னேன்."

"கேக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வீடியோ வந்தபோது அதில் அக்கா பேசியது எதுவும் இல்லை. பாட்டையும் அவள் சிரிப்பதையும் வைத்திருந்தார்கள். மேலே பத்து லட்சம். அக்கா எனக்குப் போன் பண்ணினாள். "நான் பேசினத எடுத்துட்டாங்கடி. தெரியாதுன்றத யாரும் வெச்சிக்க மாட்டேங்கறாங்க." பிறகு, "நான் போனா அந்த நம்பர போடாம பாத்துக்கோ. என் பேரு போதும்" என்றாள். இன்னா பேச்சு இது என்று அதட்டினேன். சரி என்றும் சொன்னேன்.

பேனர் விஷயத்தில் நான் லேட். காரியம் முடிந்த மதியம், வந்தவர்கள் போனபிறகு, பிரபு இந்த மலரின் முதல் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினான். அக்காவின் படம், பெயர், கீழே ஒரு இடம் காலி.

"சின்னம்மா, அஞ்சு லட்சமா, பத்து லட்சமா? எத போடறது?"

"உங்கம்மா இன்னா சொன்னான்னு உனக்குத் தெரியுமேப்பா."

"தெரியும்." அந்தக் காலி இடத்தில் விரலை வைத்தான். "லட்சம் இல்லன்னா எங்கம்மா யாரு சின்னம்மா? கவர் மடிக்கிறவங்கதானே? நாலு தெரு தள்ளிப் போனா யாருக்குத் தெரியும்?"

அக்காவும் நானும் வேறு யாரிடமும் பேசியிராத ஒன்றைச் சொன்னேன்.

பாட்டு வந்த புதிது. மெஜஸ்டிக்கில் ஏறி அல்சூர் போகிற பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பின் சீட்டில் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிற பெண்கள் சிலர் கர்ச்சீப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். கர்ச்சீப் வருகிற இடத்தில் டிபன் பாக்ஸ் என்று மாற்றிக்கொண்டு, ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டு. பஸ்ஸே சிரிக்கிறது. அக்கா அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"திரும்பு அக்கா. நாந்தான் பாடினேன்னு சொல்லு" என்று இடித்தேன்.

"சும்மா கெட. சொன்னா நிறுத்திடுவாளுங்க."

எங்கள் ஸ்டாப் வந்தது, அக்கா எழவில்லை. கண்டக்டர் வந்து, "இன்னும் எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். "அவங்க எங்க எறங்கறாங்களோ அங்க வரைக்கும் டிக்கெட் குடுங்க" என்றாள். கடைசி ஸ்டாப் வரை போனோம். அவர்கள் இறங்கி, பேசிக்கொண்டே போனார்கள். அவர்கள் மறைந்தபிறகு அக்கா, "டிபன் பாக்ஸ் நல்லாதாண்டி கீது" என்றாள். வழியெல்லாம் டிபன் பாக்ஸ் என்றே பாடிக்கொண்டு திரும்பி நடந்தோம்.

பிரபு கேட்டுக்கொண்டிருந்தான். "அந்தப் பொண்ணுங்க கேசட் வாங்கியிருப்பாங்களா சின்னம்மா?"

"தெரியாதுப்பா."

சிரிக்கப் போனவன் அழுதுவிட்டான். அம்மா போனதிலிருந்து அவன் அழவில்லை என்று பிறகு அவன் மனைவி சொன்னாள். இந்த மலரின் முதல் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அக்காவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அந்த பஸ் பயணம் ஒன்றுதான். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரு சண்டை வரும். முதலில் பாட ஆரம்பித்தவள் பச்சை தாவணி என்பாள் அக்கா. நீலம் என்பேன் நான். "கண்ண டெஸ்ட் பண்ணுடி" என்பாள். "நீ திரும்பியே பாக்கல, உனக்கு எப்படித் தெரியும்?" என்பேன். போனில்கூட இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். இனி நான் நீலம் என்றே சொல்லிக்கொள்ளலாம், இல்லை என்று சொல்ல ஆளில்லை. நேற்று வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். பச்சையாகவும் இருந்திருக்கலாம்.