கல்யாணம் பேசப் போனவர்கள்

என் கல்யாணத்தைப் பேசி முடிக்கப் போன இரண்டு பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன். பெரிய மனிதர்கள் என்று சொன்னது ஊர்தான், நானில்லை. ஒருவர் என் அப்பா. துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் மாதா கோயிலில் வாசகம் வாசிப்பவர். இன்னொருவர், டன்லப் ஸ்திரீட்டில் மசாலா சாமான் கடை வைத்திருந்த பாய். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார். ஐந்து வேளைத் தொழுகை, அளந்து பேசும் பேச்சு, சலவை மடிப்புக் கலையாத சட்டை.

அந்தப் பாயின் மகனும் நானும் ஒரே கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தோம். எழுபதுகளின் நடுவில் அது. எனக்கு டெலிபோன் போர்டு. அவனுக்குச் சரக்குப் பத்திரங்கள். எப்படிப் பழகினோம், எங்கே படம் பார்த்தோம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தோம், அவ்வளவுதான். ஆங் மோ கியோவில் அப்போது அரசாங்கத்தின் புது அடுக்குமாடிப் புளோக்குகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. கல்யாணம் பதிவானால் வீட்டுக்கு மனுப் போடலாம். நான் ஜன்னல் திரைக்குத் துணி எடுக்கிற அளவுக்குப் போய்விட்டேன். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி அன்றைக்கே ஒரு முடிவு தெரிந்திருக்கும். அப்பாவோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்தப் பையனோட அப்பாவை நான் பாக்கணும். விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெற்றால் இப்படி ஒரு அப்பனைப் பெற வேண்டும் என்று பெருமைப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு ஒட்டுக்கடையில் இருவரும் சந்தித்தார்கள். தே தாரே டீ குடித்துக்கொண்டே பேசினார்களாம். அப்பா மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தார். முகம் அப்படிப் பிரகாசமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"என்னப்பா சொன்னாரு?"

"அருமையான மனுஷன்மா. ஏசு சிலுவையில சாகவே இல்லைன்னு சொல்றாரு. ஆண்டவன் அவரை உசுரோட மேல தூக்கிக்கிட்டான்னு அவங்க வேதத்துல இருக்காம். நானும் விடல. அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"கல்யாணம்?"

"அதுக்கென்ன அவசரம்? ரெண்டு மதமும் எங்க சேருது எங்க பிரியுதுன்னு முதல்ல தெளிவாக்கிக்குவோம். அஸ்திவாரம் முக்கியமில்லையா?"

அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தவர்கள், தோண்டினார்கள், தோண்டிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்கள் பேசியது முழுவதும் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் மழைக்காலம் வந்ததும் சபை எங்கள் வீட்டுக் கூடத்துக்கு இடம் மாறிவிட்டது. ஏசு தேவனின் குமாரன், மனித குலத்தின் பாவத்துக்காக மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பார் அப்பா. ஈசா நபி மர்யமின் மகன், தகப்பனில்லாமல் பிறந்தது உண்மை, ஆனால் தூதர், ஆண்டவனுக்குப் பிள்ளை கிடையாது என்பார் பாய். மர்யம் பெயரில் தங்கள் வேதத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது என்று சொல்லி அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார். அம்மா குளிர்ந்து போய் இன்னொரு தட்டு பிஸ்கட் கொண்டு வருவாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூன்றும் ஒன்று என்று அப்பா சொன்னால், "கணக்கு எழுதுற நீங்களே இப்படிச் சொல்லலாமா கிராணியாரே?" என்பார் பாய். பிறக்கும்போதே குழந்தை பாவத்தோடு பிறக்கிறது என்பதை அவரால் ஏற்கவே முடியவில்லை. "தொட்டில்ல கெடக்குற புள்ள என்ன பாவம் செஞ்சிச்சு?" அப்பா ஆதாமிலிருந்து தொடங்குவார். அன்றைய பொழுது ஆதாமோடு போய்விடும்.

மதங்களின் ஸ்தாபகர்களையும் விட்டுவைக்கவில்லை. ஒருவர் தச்சர் வீட்டில் வளர்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தலைசாய்க்க இடமில்லாதவர், முப்பதைத் தாண்டிக் கொஞ்ச நாளில் கொல்லப்பட்டவர். இன்னொருவர் அநாதையாக வளர்ந்து, வியாபாரம் செய்து, குடும்பம் நடத்தி, சொந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, கடைசியில் அந்த ஊருக்கே தலைவராகத் திரும்பி வந்தவர். ராஜ்ஜியம் வேண்டாம் என்றவர் உயர்ந்தவரா, ராஜ்ஜியம் கிடைத்த பிறகும் கிழிசலைத் தானே தைத்துக்கொண்டவர் உயர்ந்தவரா? எங்கள் நாற்காலி கிரீச்சிடக் கிரீச்சிட இதற்குத் தீர்ப்புச் சொல்ல இரண்டு பேர். ஒருவர் துறைமுகக் கிராணி, ஒருவர் மல்லித்தூள் வியாபாரி. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். அந்த ஸ்தாபகர்கள் இரண்டு பேரும் அநாதையைப் பற்றிப் பேசினார்கள், விதவையைப் பற்றிப் பேசினார்கள், எதிரே நிற்கிற மனிதனின் கஷ்டத்தைப் பார்த்தார்கள். இவர்கள் எதிரே நான் தட்டோடு நின்றேன். டம்ளரை எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள்.

அவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. பாய் எங்கள் வீட்டுக்கு வருவதால் ஞாயிற்றுக்கிழமையில் கடையைப் பார்த்துக்கொள்ள மகனை உட்கார வைத்தார். எங்களுக்கு இருந்த ஒரே விடுமுறை நாளும் போயிற்று. பதிவு அலுவலகம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, இருவருக்கும் வயது இருக்கிறது, போய்க் கையெழுத்துப் போடலாம் வா என்று ஆபீஸ் மாடிப்படியில் வைத்துக் கேட்டேன்.

"அத்தா பேசிக்கிட்டுதானே இருக்காங்க. நல்லாத்தானே போயிட்டிருக்கு. அவசரப்படாத லா" என்றான்.

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அல்ல, சம்பந்திகளுக்கு.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் நானே வாயைத் திறந்தேன். பாய்க்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"அப்பா, ஏசுவோட முதல் அற்புதம் எது?"

அப்பாவுக்குச் சந்தோஷம். "கானாவூர் கல்யாணம். திராட்சை ரசம் தீர்ந்து போச்சு, தண்ணியை ரசமா மாத்தினாரு."

"ஒரு கல்யாண வீட்டுல குறை வந்துடக் கூடாதுன்னுதானே மாத்தினாரு?"

"ஆமா."

பாய் பக்கம் திரும்பினேன். "மாமா, கதீஜா அம்மாவை நபிகள் போய்ப் பொண்ணு கேட்டாங்களா, இல்ல அவங்களே ஆள் அனுப்பிக் கேட்டாங்களா?"

"அவங்களாத்தான்மா ஆள் அனுப்பிச்சாங்க. வயசுலயும் மூத்தவங்க, பெரிய வியாபாரி. நபிகளோட நேர்மையைப் பாத்துக் கேட்டாங்க. நபியவங்க மறுக்கல." அவர் குரல் தழுதழுத்தது. உண்மையான பக்திதான், குறை சொல்லமாட்டேன்.

"அப்போ ஒருத்தர் கல்யாணத்தைக் காப்பாத்தினாரு. ஒருத்தர் ஒரு பொண்ணு தானா வந்து கேட்டப்ப மதிச்சு ஏத்துக்கிட்டாரு. ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு நல்லதுதான் பண்ணியிருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணப் போறீங்க?"

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அப்பா என்னைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார். தாடியைத் தடவினார். இன்றைக்கு நாள் குறித்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

பாய் நிமிர்ந்தார். "கிராணியாரே, ஒரு சந்தேகம். தண்ணியை மதுவா ஆக்கினாருங்கறீங்க. ஒரு நபி போய் மது ஆக்குவாரா?"

"அது மது இல்ல பாய், திராட்சை ரசம்."

"குடிச்சா போதை வருமா வராதா? அதைச் சொல்லுங்க."

நான் உள்ளே போய்விட்டேன். அடுத்தடுத்த ஞாயிறுகள் அந்த ரசத்தின் போதையிலேயே கழிந்தன. "எம் மக நல்லா பைபிள் படிச்சிருக்கா பாத்தீங்களா" என்று அப்பா பெருமையடித்தது அடுப்படியில் எனக்குக் கேட்டது. தூ என்று துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பியிருக்கலாம்.

காலம் போயிற்று. ஆபீசில் என்னோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவி வாங்கிக்கொண்டு ஆங் மோ கியோவுக்குப் போனார்கள். நாங்களும் போனோம், அப்பா அம்மாவோடு நான். பாய் பஸ் மாறி அங்கேயும் வந்தார். அவர் கொண்டுவரும் ஹலால் கோழியைச் சமைக்க அம்மா தனிச் சட்டி வாங்கினாள். என் மாமனாராக வந்திருந்தால்கூட இத்தனை மரியாதை கிடைத்திருக்காது.

அவனுக்குக் கல்யாணம் ஆனது. ஊரிலிருந்து உறவுக்காரப் பெண். அவன் அம்மா முடித்து வைத்தது. "நான் என்ன பண்ண முடியும்" என்று அதே மாடிப்படியில் என்னிடம் சொன்னான். உன்னால் என்னதான் முடிந்தது, சொல் பார்ப்போம் என்றேன். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன், மாதக் கடைசியில் வேலையையும் மாற்றிக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது பாய்தான். ஒரு தயக்கம், ஒரு தலைகுனிவு? ஒன்றும் இல்லை. பத்திரிகையை வைத்துவிட்டு, போன வாரம் விட்ட இடத்தில் தொடங்கினார். அப்பா நிக்காவுக்குப் போய்வந்து, "பிரியாணி நல்லா இருந்துச்சு" என்றார். கடவுளே, அதைச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வந்தது. அம்மா மட்டும் அன்று என்னோடு சேர்ந்து தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு எனக்கு வரன் வராமல் இல்லை. கோயிலில் இருந்தே வந்தது. எனக்குத்தான் ஆண்களின் பேச்சு என்றாலே குமட்டியது.

எண்பதுகளின் நடுவில் அப்பா மாரடைப்பில் போனார். புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியை வைத்திருந்தோம். பாய் முதல் ஆளாக வந்தார். கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். ஜெபம் நடக்கும்போது ஒதுங்கி நின்றார், முடிந்ததும் வந்து பெட்டி அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணீர் தாடி வழியாக இறங்கியது. அப்பாவின் தம்பிகள்கூட அப்படி அழவில்லை.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இனிமே யாருகிட்டம்மா பேசுவேன்?" என்றார். "கடைசியா ஈசா நபி திரும்பி வருவாருங்கறதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். நீங்களும் வருவாருங்கறீங்க, நாங்களும் வருவாருங்கறோம். அதுல ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டோம்மா. எவ்வளவு சந்தோஷப்பட்டாரு தெரியுமா உங்கப்பா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். என் தலையில் எங்கோ ஒரு நரை தெரிந்திருக்கும்.

"ஏம்மா, நீ ஏன் கல்யாணமே பண்ணிக்கல? உங்கப்பாகிட்ட கேக்கணும்னு எத்தனையோ தடவை நெனச்சேன். பேச்சு வேற பக்கம் போயிடும்."

அவர் முகத்தைத் தேடிப் பார்த்தேன். நடிப்பு இல்லை. குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்கிறார்.

"உங்க மகனைக் கேளுங்க மாமா" என்றேன்.

"அவனையா?" என்று விழித்தார். "அவனுக்கு என்னம்மா தெரியும்?"

காலையிலிருந்து ஒரு சொட்டு விடாத கண்ணீர் அப்போது எனக்குப் பொங்கியது. ஆத்திரம். வெறும் ஆத்திரம். பாய் பதறி எழுந்து, தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"அழாதம்மா" என்றார். "உன்னை எப்படிப்பட்ட அப்பா வளத்திருக்காருன்னு எனக்குத் தெரியும்."